பாரிஸில் தேனிலவு: எத்தனை இரவு தங்குவது என்று முடிவெடுப்பது எப்படி?

கல்யாணம் முடிந்ததும் பாரிஸ் போகலாம் என்று நாங்கள் பேசத் தொடங்கியபோது, "எத்தனை நாள்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டோம். முதலில் டிக்கெட், ஓட்டல், விசா எல்லாம் ஆகட்டும், நாள் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பயணத் திட்டத்தில் பாரிஸுக்கு 4 இரவு, ஓட்டல் தாளில் 3 இரவு. விசா மையக் கவுண்டரில் இருந்தவர் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பேனாவால் தட்டிக் காட்டினார். அப்புறம் வெளியே ஓடி, புதிதாகக் கடிதம் எழுதி, பிரிண்ட் எடுத்து, திரும்ப வரிசையில் நின்றோம்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபின் கிடைத்த 3 இரவில், முதல் பகல் தூக்கத்திலேயே போனது. இரண்டாம் நாள் காலை லூவர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிப் பிரமிடு முன்னால் கூட்டமே இல்லை. நல்ல வேளை, சீக்கிரம் வந்தோம் என்று சந்தோஷப்பட்டேன். கயிறு கட்டியிருந்த இடத்தில் நின்ற காவலர், "மார்தி, ஃபெர்மே" என்றார். செவ்வாய்க்கிழமை, விடுமுறை. என் கையில் கல்யாண மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. கையில் எஞ்சியிருந்தது ஒன்றரை நாள். என் கணவர் எதுவும் சொல்லாமல் கல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை பாரிஸ் போகிற புதுமணத் தம்பதிக்கு என் பதில்: 5 இரவு. அதற்குக் குறைத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். ஆனால் உங்கள் விடுப்பு, பணம், மாதம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண் மாறலாம். கீழே உள்ள வரிசைப்படி போனால் உங்கள் எண் உங்களுக்கே தெரிந்துவிடும்.

1. இரவுகளை எண்ணுங்கள்

"ஐந்து நாள் பாரிஸ்" என்று சொல்வதில் ஒரு மயக்கம் இருக்கிறது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்ந்தால்தான் அது ஐந்து. முழுப் பகல் கிடைப்பது மூன்றே. அதனால் இரவுகளைக் கணக்கில் வையுங்கள்: எத்தனை இரவோ, அதில் ஒன்றைக் கழித்தால் வருவது உங்கள் முழுப் பகல்கள். 3 இரவு என்றால் 2 பகல். 5 இரவு என்றால் 4 பகல்.

இறங்கும் நாளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெரும்பாலான ஓட்டல்களில் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். விமானம் காலை 7 மணிக்கு இறங்கினால், எட்டு மணி நேரம் பெட்டியோடும் கசங்கிய உடையோடும் இருக்க வேண்டும். பெட்டியை வரவேற்பில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் குளிக்க இடமிருக்காது. கல்யாண அலுப்போடு இறங்குகிற நாளில் இது பெரிய சோதனை. முடிந்தால் மதியத்துக்குப் பிறகு இறங்கும் விமானத்தைப் பிடியுங்கள். முடியாவிட்டால் முந்தைய இரவுக்கும் பணம் கட்டி, காலையிலேயே அறை எடுங்கள். அப்படிச் செய்தால், "முந்தைய நாள் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறோம், காலையில்தான் வருவோம்" என்று ஓட்டலுக்கு எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வரவில்லை என்று நினைத்து அறையை ரத்து செய்துவிடலாம்.

2. கல்யாணத்துக்கும் விமானத்துக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்

மறுவீடு, விருந்து, குலதெய்வக் கோயில் என்று ஓடி முடித்த கையோடு விமானம் ஏறாதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஏறினோம். குறைந்தது நான்கு நாளாவது வீட்டில் தூங்கி எழுந்துவிட்டுக் கிளம்பினால், பாரிஸில் ஒரு நாள் மிச்சமாகும். ஐரோப்பாவில் ஓர் இரவு தங்கும் காசுக்கு, அந்தத் தூக்கத்தை வீட்டிலேயே தூங்கிவிடலாம்.

நேர வித்தியாசம் பெரிய தொல்லை தராது. கோடையில் பாரிஸ் நம்மைவிட 3½ மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 4½ மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் விடியற்காலை 4 மணிக்கே முழிப்பு வந்துவிடும், இரவு 8 மணிக்குக் கண் சொக்கும். இதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். முதல் காலை விடியும்போதே ட்ரோகாடெரோ மேடைக்குப் போய்விடுங்கள். பகலில் நிற்க இடம் கிடைக்காத அந்த இடத்தில், ஐஃபல் கோபுரத்தை எதிரே வைத்து அமைதியாகப் படம் எடுக்கலாம். இரவு உணவு, படகுச் சவாரி போன்றவற்றை மூன்றாம் நாளுக்குப் பிறகு வையுங்கள்.

3. கிழமை பார்த்து இறங்குங்கள்

எத்தனை இரவு என்பதைவிட, எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பது சில சமயம் அதிகம் பாதிக்கும். பாரிஸில் பெரிய இடங்கள் ஒரே நாளில் மூடுவதில்லை. ஆளுக்கொரு நாள் மூடுகின்றன:

லூவர், ஒராஞ்செரி அருங்காட்சியகங்கள்: செவ்வாய் விடுமுறை.
ஓர்சே, ரோதான் அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை: திங்கள் விடுமுறை.
போம்பிடு மையம் (நவீனக் கலை அருங்காட்சியகம்): புதுப்பிப்புக்காக 2025-இல் மூடப்பட்டுவிட்டது. 2030 வாக்கில்தான் திறக்கும். பழைய பயணக் குறிப்புகளில் பார்த்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள்.

அதேபோல் இரவு நேரம் வரை திறந்திருக்கும் நாள்களும் உண்டு. லூவர் புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை. ஓர்சே வியாழன் இரவு 9.45 வரை. மாலை 5 மணிக்கு மேல் உள்ளே போனால் கூட்டம் குறைந்திருக்கும். தேனிலவுக்கு வந்தவர்களுக்கு அந்த நேரம்தான் பொருத்தம்.

இதோடு ரயில் பாஸ் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நவிகோ வாரப் பாஸ் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் ஓடாது. திங்கள் தொடங்கி ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். நடப்பு வாரத்துக்கானதை வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளிக்கிழமை இறங்குகிறவர்களுக்கு இது உதவாது. 2025-இல் வாரப் பாஸ் 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ. ஒரு சிறிய புகைப்படமும் ஒட்ட வேண்டும், ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். ஆளுக்கு ஒரு பாஸ் வேண்டும், இருவர் ஒன்றைப் பகிர முடியாது. இந்தப் பாஸில் விமான நிலைய ரயிலும் அடக்கம். அதே ஆண்டில் விமான நிலையத்துக்கு ஒரு வழி டிக்கெட் 13 யூரோ, ஊருக்குள் மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ. போக வர 26 யூரோ ஆகிவிட்டால், மிச்சம் பத்துச் சொச்சம் யூரோவை ஐந்தே மெட்ரோ பயணத்தில் மீட்டுவிடலாம். விலை ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும், கணக்கு இதேபோலத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் எனக்குத் தெரிந்த நல்ல அமைப்பு: திங்கள் இறங்கி, சனிக்கிழமை கிளம்புவது. 5 இரவு. திங்களன்று மூடியிருக்கும் இடங்களால் நமக்கு நஷ்டமில்லை, அன்று எப்படியும் அலுப்பு. வாரப் பாஸ் முழுசாகப் பயன்படும். செவ்வாய் ஒன்றுதான் கவனம்: லூவர் மூடியிருப்பதால் அன்று வெர்சாயிலும் ஓர்சேயிலும் கூட்டம் கூடும். அன்றைக்கு மோன்மார்த்ர் மேடு, சேன் ஆற்றங்கரை, நோத்ரதாம் தேவாலயம் என்று வெளியிலேயே சுற்றுங்கள்.

4. எந்த மாதம் என்பதைப் பாருங்கள்

ஜூன் கடைசியில் பாரிஸில் பகல் 16 மணி நேரம். சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். டிசம்பரில் பகல் 8 மணி நேரத்துக்குச் சற்று மேல், மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் 4 இரவில் பார்ப்பதை டிசம்பரில் பார்க்க 6 இரவு வேண்டும்.

இதில் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஐஃபல் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் 5 நிமிடம் மின்னும். டிசம்பரில் அதை மாலையிலேயே பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பலாம். ஜூனில் அதற்காக இரவு வெகுநேரம் காத்திருக்க வேண்டும், தூக்கம் கெடும். தை மாதத்தில் கல்யாணம் ஆகிறவர்கள் குளிருக்குப் பயந்து தயங்க வேண்டியதில்லை. ஓர் இரவு கூடுதலாகப் போட்டுக்கொண்டால் போதும். ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்கள் விடுமுறையில் போய்விடுவதால் சிறிய கடைகளும் உணவகங்களும் நிறைய மூடியிருக்கும். பிப்ரவரி கடைசி, செப்டம்பர் கடைசி ஆகிய சமயங்களில் ஃபேஷன் வாரம் வருவதால் அறை வாடகை எகிறும்.

5. இன்னொரு நாட்டையும் சேர்க்கிறீர்களா?

"ஐரோப்பா வரை போய்விட்டு ஒரு ஊரா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று 9 இரவைப் பங்கு போட்டோம். ஒவ்வோர் ஊர் மாற்றமும் அரை நாளைத் தின்றது. பெட்டி கட்டு, அறையைக் காலி செய், ரயில் பிடி, புது ஊரில் அறைக்குக் காத்திரு. மூன்று ஊர் என்றால் இரண்டு மாற்றம், ஒரு முழு நாள் போச்சு. 7 இரவு இருந்தால் ஒரே ஊர் போதும். 9, 10 இரவு இருந்தால் இரண்டு ஊர். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு நாடு என்று முடிவானால் விசா விதி ஒன்றை மனதில் வையுங்கள். ஷெங்கன் விசாவை (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா), அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் கேட்க வேண்டும். இரண்டு நாட்டிலும் சம நாள் என்றால், முதலில் நுழையும் நாட்டின் தூதரகத்தில் கேட்க வேண்டும். பிரான்சுக்கு விண்ணப்பித்துவிட்டு, பிறகு மனம் மாறி சுவிட்சர்லாந்தில் இரவுகளைக் கூட்டினால், அந்த விண்ணப்பமே தவறான இடத்தில் கொடுத்ததாகிவிடும். அதனால்தான் இரவுக் கணக்கை முதலில் முடியுங்கள் என்கிறேன்.

லண்டன் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தானே என்று சேர்த்துக்கொள்ளத் தோன்றும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தனி விசா, தனிக் கட்டணம். அதோடு, லண்டன் போய்விட்டு மீண்டும் பாரிஸ் வந்து விமானம் ஏறுவதென்றால், ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவாக இருக்கக் கூடாது. தேனிலவுக்கு இவ்வளவு தலைவலி தேவையா என்று யோசியுங்கள்.

6. ஓர் இரவு கூடினால் எவ்வளவு?

மொத்தச் செலவைப் பார்த்துப் பயப்படாமல், அதை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை நாள் தங்கினாலும் மாறாதது ஒரு பக்கம்: விமான டிக்கெட், விசா (ஆளுக்கு 90 யூரோ, இருவருக்கு 180, மையத்தின் சேவைக் கட்டணம் தனி), விமான நிலையப் போக்குவரத்து. இரவுக்கு இரவு ஏறுவது இன்னொரு பக்கம்: அறை வாடகை, சாப்பாடு, நகரத்தின் தங்கும் வரி.

அந்தத் தங்கும் வரியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து, ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஓட்டலில் நேரில் கட்ட வேண்டும். 5 இரவு, 2 ஆள் என்றால் பத்து மடங்கு. முன்பதிவுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், தேடிப் படித்துவிடுங்கள்.

மாறாத செலவு பெரிதாக இருக்கும்போது, 3 இரவுக்காக அவ்வளவு தூரம் போவது வீண். நான்காவது, ஐந்தாவது இரவுக்கு ஆகும் கூடுதல் பணம், முதல் இரவுக்கு ஆனதில் ஒரு சிறு பங்கே. அந்த இரவுகள்தான் நிம்மதியைத் தரும்.

காசை மிச்சம் பிடிக்க ஊருக்கு வெளியே அறை எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ரயிலில் போனால், 5 நாளில் ஏழரை மணி நேரம். ஒரு பகல் முழுசாகப் போய்விடும். பாரிஸ் 20 வட்டாரங்களாக நத்தைக்கூடு போலச் சுற்றிச் சுற்றி எண்ணிடப்பட்டிருக்கிறது. 1 முதல் 7 வரை மையம். வாடகை அதிகமென்றால் 9, 10, 11, 14, 15 ஆகிய வட்டாரங்களில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். பதிவு செய்யும்போது "க்ரான் லி" என்று கேளுங்கள், ஒரே பெரிய கட்டில் என்று அர்த்தம். இல்லையென்றால் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்ட அறை கிடைக்க வாய்ப்புண்டு.

சாப்பாட்டில் ஒரு சிறு மிச்சம்: உணவகத்தில் "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவார்கள். "வாட்டர்" என்றால் பாட்டில் வரும், அதற்குக் காசு. நான்காம் நாள் சோறு கேட்டு நாக்கு ஏங்கினால், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லாச்சப்பல் போங்கள். ஈழத் தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. தமிழிலேயே சொல்லிச் சாப்பிடலாம். எங்களுக்கு அன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது.

7. விசா ஆவணங்கள்: எல்லாத் தாளும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்

இதுதான் அதிகக் கவனம் வேண்டிய கட்டம். நீங்கள் முடிவு செய்த இரவு எண்ணிக்கை விண்ணப்பப் படிவம், கவரிங் லெட்டர், நாள்வாரிப் பயணத் திட்டம், ஓட்டல் பதிவு, விமானப் பதிவு, காப்பீடு, அலுவலக விடுப்புக் கடிதம் என்று ஏழு இடத்தில் வரும். ஏழையும் மேசையில் பரப்பி, தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ஒப்பிடுங்கள். நாங்கள் கடைசி நேரத்தில் ஓட்டல் தாளை மட்டும் மாற்றினோம், மீதியை மறந்துவிட்டோம்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்: கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். கல்யாணமான கையோடு பெண்ணின் பெயரை மாற்றப் போகாதீர்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் ஒரே பெயர் வேண்டும். பெயர் மாற்றுவதானால் திரும்பி வந்தபின் நிதானமாகச் செய்யலாம்.

திருமணச் சான்று: ஒருவர் செலவை மற்றவர் ஏற்பதாகக் காட்டினால் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிப்பதானால், படிவத்தில் திருமணமாகாதவர் என்றுதான் எழுத வேண்டும். அப்போது இருவரும் தனித்தனியாகத் தங்கள் வருமானத்தைக் காட்டி, கவரிங் லெட்டரில் "இந்தத் தேதியில் எங்களுக்குத் திருமணம், அதன்பின் பயணம்" என்று வெளிப்படையாக எழுதி அழைப்பிதழை இணையுங்கள்.

வங்கிக் கணக்கு: மொய்ப் பணத்தை ஒரே நாளில் மொத்தமாகக் கணக்கில் போட்டுவிட்டு அந்தக் கணக்கு விவரத்தைக் கொடுத்தால், விசாவுக்காகப் பணத்தைக் காட்டியதுபோல் தெரியும். போட்டுவிட்டீர்கள் என்றால், அது கல்யாணப் பரிசு என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிரான்ஸ் கேட்கும் அளவு இது: ஓட்டல் முன்பதிவு இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120 யூரோ. 5 இரவு என்பது 6 நாள். இருவருக்கு 780 யூரோ. இது குறைந்தபட்சம், கணக்கில் இதைவிடத் தாராளமாக இருப்பது நல்லது.

ஓட்டல் பதிவு: இருவர் பெயரும் இருக்க வேண்டும். இணையத்தில் பதிவு செய்பவர் பெயர் மட்டும் வருவது வழக்கம். மற்றவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி மறுபடி தாள் வாங்குங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை எடுங்கள், ஆனால் விசா கிடைத்ததும் ரத்து செய்துவிட்டு வேறு இடம் தேட வேண்டாம். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி தங்குமிடத் தாளைக் கேட்கலாம்.

விமானம்: விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள். முன்பதிவுத் தாள் போதும். விசா மறுக்கப்பட்டால் 90 யூரோவும் திரும்பாது, டிக்கெட் காசும் போய்விடக் கூடாது.

காப்பீடு: குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், இறங்கும் நாள் முதல் கிளம்பும் நாள் வரை. ஒரு நாள்கூடக் குறையக் கூடாது.

கைரேகை: விரல் நுனியில் மருதாணி வைத்துக்கொண்டு போகாதீர்கள், ரேகை சரியாக விழாமல் போகலாம். ஒருமுறை கொடுத்த கைரேகையை 59 மாதம் வரை மீண்டும் பயன்படுத்துவார்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையிலும் விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. ஆகவே கல்யாண மருதாணி போடும்போதே, விரல் நுனிகளை விட்டுவிடச் சொல்லுங்கள்.

விசா ஒட்டப்பட்டு பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று மூன்று விஷயம் பாருங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். இதில் இரண்டாவதுதான் பொறி. தேதி இடைவெளி பெரும்பாலும் பயண நாளைவிட 15 நாள் கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்து அத்தனை நாளும் தங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நாள் எண்ணிக்கை 6 என்று இருந்தால் 6 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்த எண்ணிக்கையில் அடங்கும். பிராங்ஃபர்ட் போன்ற வேறு ஷெங்கன் நகரத்தில் விமானம் மாறினால், எண்ணிக்கை அங்கே எல்லைச் சோதனையைக் கடக்கும்போதே தொடங்கிவிடும்.

8. எதை எப்போது செய்வது

விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு வரை. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை போகலாம். கோடைக்கு முன்னால் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். இரண்டு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே நாளில், அடுத்தடுத்த நேரம் எடுங்கள்.

விசா வந்த பிறகு நுழைவுச்சீட்டுகள். ஐஃபல் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட்டு 60 நாள் முன்பே இணையத்தில் திறந்துவிடும். உச்சிக்குப் போகும் சீட்டும், சூரியன் மறையும் நேரத்துச் சீட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். லூவருக்கு நேரம் குறித்துப் பதிவு செய்யுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ரதாம் தேவாலயத்துக்குக் கட்டணம் கிடையாது. இலவச நேரப்பதிவு இரண்டு நாள் முன்புதான் திறக்கும், பதிவில்லாமலும் வரிசையில் நின்று போகலாம். "நோத்ரதாம் நுழைவுச்சீட்டு" என்று தெருவில் யாராவது விற்க வந்தால் விலகிப் போங்கள்.

பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டான மியூசியம் பாஸ் 2, 4, 6 நாளுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. தேனிலவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காசு கொடுத்துவிட்டோமே என்று ஒரு நாளில் மூன்று அருங்காட்சியகம் ஏறி இறங்கத் தோன்றும். ஐஃபல் அதில் இல்லை. லூவருக்கு அதை வைத்திருந்தாலும் தனியாக நேரம் பதிய வேண்டும்.

9. உங்கள் எண்ணை எழுதுங்கள்

3 இரவு: பாரிஸ் உங்கள் முதல் விருப்பமில்லை, வழியில் பார்க்கிறீர்கள் என்றால் மட்டும். ஐஃபல், ஆற்றுப் படகு, ஓர் அருங்காட்சியகம். வெர்சாயை விட்டுவிடுங்கள்.

5 இரவு: திங்கள் மாலை அறைக்குப் பக்கத்தில் நடை, சீக்கிரம் தூக்கம். செவ்வாய் விடியலில் ட்ரோகாடெரோ, பிறகு மோன்மார்த்ர். புதன் பகல் சும்மா இருந்துவிட்டு மாலை லூவர். வியாழன் வெர்சாய், முழு நாள். வெள்ளிக்கிழமைக்கு எதுவும் எழுதாதீர்கள். அந்த நாளை வெறுமையாகவே விடுங்கள். மழை பெய்தால், காய்ச்சல் வந்தால், ஓர் இடம் பிடித்துப்போய் மறுபடி போகத் தோன்றினால், அந்த நாள் தாங்கும். எங்கள் பயணத்தில் இல்லாமல் போனது அதுதான்.

7 இரவு: டிஸ்னிலேண்ட் அல்லது ஓவியர் மோனேயின் தோட்டம் இருக்கும் ஜிவெர்னி போன்றவற்றைச் சேர்க்கலாம். ஜிவெர்னி ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் திறந்திருக்கும். கடலோரத் தீவு மடாலயமான மோன் சேன் மிஷேலை ஒரே நாளில் போய்த் திரும்ப ஆசைப்படாதீர்கள், ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் ஆகும்.

10. கிளம்பும் நாள்

அறையைக் காலை 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். விமானம் இரவில் என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போகலாம். விமான நிலையத்துக்கு ஆர்.இ.ஆர். பி ரயில் உண்டு, ஆனால் வேலைநிறுத்தமோ பழுதுபார்ப்போ இருந்தால் திணறிப்போவீர்கள். முதல் நாள் இரவே ஓட்டல் வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்சிக்கு நிலையான கட்டணம் உண்டு: சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கும் ஆற்றின் வலது கரைக்கும் (வடக்குப் பக்கம்) இடையே 2025-இல் 56 யூரோ, இடது கரைக்கு (தெற்குப் பக்கம்) 65 யூரோ. இது வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. பெட்டிக்குத் தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். விமான நிலையத்தின் உள்ளே "டாக்சி, டாக்சி" என்று கூப்பிட்டு வருகிறவர்களோடு போகாமல், வெளியே டாக்சி வரிசையில் நின்று ஏறுங்கள்.

பாரிஸ் ஓட்டலைக் காலி செய்யும்போது தங்கும் வரி கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்த அன்றும் வாங்கிவிட்டு, கிளம்பும் அன்றும் கேட்டார்கள். ரசீது என் கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம்.